கூலியும் பெயரும்

என் இருபதாண்டுக் கவிதைகளிலிருந்து ஒரு தொகுப்பு கொண்டுவரலாம் என்றார் பதிப்பாளர். நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் பழைய நோட்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் ஒரு இசைத்தொகுப்பை ஓடவிட்டாள். "இவங்களும் உன்னை மாதிரிதாம்மா, எல்லாத்துலயும் பொறுக்கி ஒண்ணாப் போட்டிருக்காங்க."

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழு 2001இல் வெளியிட்ட 'எக்கோஸ்' அது. 1967 முதல் 1994 வரை வந்த பாடல்களிலிருந்து 26. இடையில் ஒரு பெண்குரல் எழுந்தது. சொல்லே இல்லை. ஒப்பாரி போல உயர்ந்து, அழுது ஓய்ந்தவளின் மூச்சு போல அடங்கியது.

அவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைக்கப்பட்டார். ரிச்சர்ட் ரைட்டின் பியானோ இசை தயாராக இருந்தது. டோரி பாடுவதற்கு வரியும் இல்லை, மெட்டும் இல்லை. அவரே கண்டடைந்து பாடினார். கூலி 30 பவுண்டு. இசைத்தட்டில் பாடகியாக அவர் பெயர் இருந்தது. இயற்றியவராக ரைட்டின் பெயர் மட்டும். 2004இல் டோரி வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. அதன்பின் வந்த பதிப்புகளில் இயற்றியவராக அவர் பெயரும் இருக்கிறது. இதற்கு 32 ஆண்டுகள் ஆயின.

பேசிய கூலியைக் கொடுத்தார்கள், அவரும் வாங்கிக்கொண்டார், பிறகென்ன என்று கேட்கலாம். கூலி அன்றைய உழைப்புக்கு. அந்த உழைப்பில் அதுவரை இல்லாத ஒன்று பிறந்துவிட்டால், அது யாருடையது என்பதைக் கூலி தீர்த்துவிடாது.

நாம் மட்டும் யோக்கியமா? தாலாட்டையும் ஒப்பாரியையும் இட்டுக்கட்டிப் பாடுகிறவளை ஆய்வேடுகளில் 'தகவலாளி' என்று எழுதுகிறோம். குறுந்தொகையிலோ பெயர் தெரியாத புலவர்கள் தம் சொற்களாலேயே அறியப்படுகிறார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார். பெயர் தொலைந்தாலும் சொல் அவருடையது என்ற மரியாதை அதில் இருக்கிறது.

இதை வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். அன்று என் நோட்டில் திறந்திருந்த பக்கம் என்னைப் பார்த்தது. நான் அதிகம் பாராட்டுப் பெற்ற கவிதை அது. அதன் உயிர், எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா சொன்ன ஒரு வாக்கியம். சுரங்கத்துக்காக அவருடைய ஊரைத் தோண்டிவிட்டார்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "எங்க கெணறு இப்ப ஆகாசத்துல தொங்குது." கிணற்றைச் சுற்றியிருந்த மண் முழுவதும் போய்விட்டது, கிணறு இருந்த இடத்தில் இப்போது வெறும் வெளி. அன்றிரவே எழுதினேன். மாதச் சம்பளம் தவறாமல் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு என்ன கொடுத்தேன்?

கவிதையை நீக்கிவிடலாம் என்று முதலில் தோன்றியது. நீக்கினால் என் குற்றவுணர்வு தீரும். அவர் சொல் மறுபடி காணாமல் போகும். தேடிப் போனேன். கவிதையை வாசித்துக் காட்டி, இரண்டு பேர் பெயரையும் போடலாமா, வரும் பணத்தில் பங்கு தரலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். அவர் பெயர் முதலில் அந்தக் கவிதையின் கீழேதான் அச்சாக வேண்டும் என்பதால் இங்கே எழுதவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "அப்ப இத்தன வருசமா அதுல யார் பேரு இருந்துச்சு?"

"என் பேருக்கா" என்றேன்.