முதுகு நோவும் தம்மமும்



முதுகும் கழுத்தும் நோகின்றன என்போர்க்கு, "கூனாதே, நிமிர்ந்து நில்" என்பதே எங்கும் வழங்கும் விடை. இது பொய்யன்று; ஆயினும் பாதி விடையே. நிமிர்வது நம் கையில் இருக்கலாம். எத்துணை நேரம் நிற்பது என்பது யார் கையில் இருக்கிறது?

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டை வாயிலுக்கு உள்ளே பத்மநாபசுவாமி பாம்பணைமேல் பள்ளிகொண்டிருக்கிறார். வெளியே சாலைக் கடைத்தெரு. கேரளத்து ஜவுளிக்கடைகளில் சேலை எடுத்துக் காட்டும் பெண்கள், வாங்க வருவோர் இல்லாத வேளையிலும் உட்காரலாகாது என்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. கோழிக்கோட்டில் தையற்தொழில் செய்த விஜி என்னும் அம்மையாரும் அவருடைய 'பெண்கூட்டு' இயக்கத்தினரும் இதனை எதிர்த்துப் போராடினர். 2018-இல் கேரள அரசு 1960-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கிற்று. 2021-இல் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. இதே திருவிதாங்கூர் மண்ணில் 1893-இல் அய்யன்காளி வில்வண்டியேறிப் பொதுவழியிற் சென்றது, வழியிற் செல்லும் உரிமைக்காக. இருக்கும் உரிமை சட்டமாக மேலும் 125 ஆண்டுகள் சென்றன.

நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என்னும் நான்கினையும் நம் நூல்கள் இரியாபதம் என்கின்றன. இந்நான்கிலும் விழிப்போடு இருக்கச் சதிபட்டான சூத்திரம் கூறுகிறது. ஒன்றிலேயே நாள் முழுதும் நின்று வாடச் சொல்லவில்லை. உடலின் அமைப்பும் இதற்கு இசைந்ததே. முதுகெலும்புக் கணுக்களுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளுக்கு, வளர்ந்தோரிடத்தில், உள்ளே இரத்தக் குழாய்கள் இல்லையென்றே சொல்லலாம். உடல் அசைந்து அழுத்தம் ஏறி இறங்குவது அவை ஊட்டம் பெறத் துணை செய்கிறது. தலையின் எடையோ ஏறத்தாழ 5 கிலோ. அது முன்னே சாயச் சாய, பின்கழுத்துத் தசைகள் கடிவாளம்போல் இழுத்துப் பிடிக்க வேண்டியதாகிறது. ஆகவே கூனுதல் தீதே. அசையாமல் விறைத்து நிற்பதும் தீதே. நூற்பாலையில் சைடராக நாள் முழுதும் அறுந்த இழையை இணைத்துக்கொண்டு நடந்த எனக்கு, வாயிலில் ஓரிடத்தே நின்ற காவற்காரரின் முதுகு என் முதுகினும் முன்னதாக நொந்தது வியப்பாயிருந்ததுண்டு. இன்று வியப்பில்லை.

வலியைப் பொறுப்பதன்றோ க்ஷாந்தி என்று உபாசகரில் சிலர் வினவுகின்றனர். தன் வலியைத் தானே விரும்பிப் பொறுப்பது க்ஷாந்தி. கூலிக்கு நிற்பவளுடைய வலியை நாம் பொறுமை என்று புகழ்வது க்ஷாந்தியன்று; அது நமக்கு மலிவாகக் கிடைத்த சமாதானம். கல்லாவில் மெத்தையிட்ட நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பொறுமையைப் போதிக்கும்போது எனக்கு நகைப்பே உண்டாகிறது.

பகவான் புத்தரும் முதுகு நோவுற்றவரே. பாவா நகரத்து மல்லர்களின் புதிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் அறம் உரைத்தபின், தமக்கு முதுகு நோகிறதென்று வெளிப்படையாகச் சொல்லி, மேலே உரைக்கும் பொறுப்பைச் சாரிபுத்திரரிடம் அளித்தார். மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கமாகச் சாய்ந்தார். கபிலவஸ்துவில் ஆனந்தரிடமும் அவ்வாறே ஒப்படைத்ததைச் சூத்திரங்கள் குறிக்கின்றன. சபையின் முன் கிடத்தல் இழிவென்று அவர் கருதவில்லை. கேட்டிருந்தோரும் அதனைக் குறையெனக் கொள்ளவில்லை. தம் நோவை மறைத்து நிமிர்ந்திருந்து காட்ட வேண்டிய தேவை அவர்க்கு இல்லை. அந்தத் தேவை கடைப்பெண்ணுக்கு மட்டும் ஏன் வந்தது?

சட்டம் வந்துவிட்டது. நாற்காலியும் வரலாம். ஆனால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டு முகஞ்சுளிப்பவர் பெரும்பாலும் முதலாளியல்லர்; பணத்தோடு உள்ளே நுழையும் நாம்தாம். அடுத்த முறை சேலை வாங்கச் செல்லும்போது, எழப்போகிறவளை நோக்கி, "இருந்தே காட்டம்மா" என்று சொல்லிப் பாருங்கள். நம் விகாரையில் உபோசத நாளன்று சுவரோடு சாய்ந்திருக்கும் மூதாட்டிகளையும் இனி யாரும் எழுப்ப வேண்டா.