நாசிக் நிலவறைகள்: இருவருக்கான குறிப்புகள்

எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூரில் புருஷன் பெண்டாட்டி வெளியூர் கிளம்பினால், எந்தக் கோயிலுக்கு என்றுதான் கேட்பார்கள். நாசிக் என்றால் திரியம்பகேஸ்வரரா என்பார்கள். ஆமாம், அவரும்தான். பிரம்மகிரியில் கோதாவரி பிறக்கிறது, அடிவாரத்தில் ஜோதிர்லிங்கம். நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அதே நாசிக்கைச் சுற்றித்தான் இந்தியாவின் ஒயின் திராட்சைத் தோட்டங்கள் மிகுதியாக இருக்கின்றன. கோயிலுக்கு ஒரு நாள், ஒயின் நிலவறைக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டோம். ஒன்றை முடித்த கையோடு மற்றதற்கு ஓடினால் இரண்டிலும் மனம் நிற்காது.

*

எங்கள் பக்கத்தில் குடி என்றால் டாஸ்மாக் வாசல். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க அரசின் கையில். ஆண் தனியாகப் போகிறான், அவசரமாகக் குடிக்கிறான். வீட்டில் ஒருத்தி தூங்காமல் காத்திருக்கிறாள். அவளுடைய பயம் நியாயமானது. ஒயின் தயாரிக்கும் இடத்துக்கு மனைவியை அழைக்கிறவன் அந்தப் பயத்தை மதித்துத்தான் அழைக்க வேண்டும்.

“என்னங்க, நான் குடிக்கலைன்னா எனக்கு அங்க என்ன வேலை?” என்று கேட்டாள் என் மனைவி. எந்த இடத்துக்குப் போவது என்ற எங்கள் தேர்வு அந்தக் கேள்வியை வைத்தே நடந்தது.

*

நாங்கள் தேடிப் போனது பாட்டிலிலேயே நொதிக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது குமிழி ஏறும் ஒயின். அதன் குமிழிகள் வெளியிலிருந்து ஊட்டப்பட்டவை அல்ல. சாதாரண ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுகிறார்கள். உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைகிறது. பாட்டிலுக்குள் அழுத்தம் காரின் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறது. கண்ணாடி அத்தனை கனமாக இருப்பது அதனால்தான்.

வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் படிகிறது. அதன் மேலேயே ஒயின் மாதக்கணக்கில் கிடக்கிறது. பிரான்சின் ஷாம்பெயின் விற்பனைக்கு வருமுன் சட்டப்படி பாட்டிலில் குறைந்தது 15 மாதம் இருக்க வேண்டும்; குறிப்பிட்ட ஆண்டின் பெயரோடு வருவதற்கு 3 வருடம். பிறகு துளையிட்ட மரப்பலகையில் கழுத்து கீழே இருக்கும்படி செருகி, அவ்வப்போது சிறிது சிறிதாகத் திருப்புகிறார்கள். வண்டல் கழுத்துக்கு இறங்கியதும் அதை உறையவைத்து, மூடியைத் திறக்க, அழுத்தத்தில் வண்டல் தெறித்து வெளியேறுகிறது.

ஒரு நிலவறையில் வழிகாட்டி பாட்டில் ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்தார். கழுத்தோரம் வெளிர்பழுப்பில் விரல் அகலத்துக்கு வண்டல். என் மனைவியிடம் மரப்பலகையைக் காட்டி, ஒரு பாட்டிலைத் திருப்பச் சொன்னார். எட்டில் ஒரு பங்கு சுற்று, அதற்கு மேல் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். அவள் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது.

*

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் ஒயின் பாட்டிலில் நொதிக்கிறதா, பெரிய தொட்டியிலா? இத்தாலியின் புரோசெக்கோ பெரும்பாலும் தொட்டியில் உருவாவது. அது மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் பாட்டில்களின் நீண்ட காத்திருப்பைப் பார்க்க விரும்பினால் முதல் வகைக்குத்தான் போக வேண்டும்.

எங்களுக்கு அருகில் இருப்பது பெங்களூரு. செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபல்லாபூரின் குரோவர் தோட்டத்தைப் பார்க்கலாம். ஸ்பார்க்ளிங் என்று தேடினால் நாசிக்தான். 1999-இல் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா, 2005-லேயே பார்வையாளர்களுக்கெனச் சுவைக்கூடம் திறந்தது. அதன் ‘புரூட்’ பாட்டிலில் நொதிக்கும் முறையில் உருவாவது. திண்டோரியில் ஷாண்டோன் இருக்கிறது. ஒரு பிரெஞ்சு நிறுவனம் 2013-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த பெயர். எல்லா இடமும் எல்லா நாளும் பார்வையாளரை அனுமதிப்பதில்லை. போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

*

எப்போது போவது? பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் திராட்சை அறுப்பு ஆகஸ்ட், செப்டம்பரில். நாசிக்கில் செப்டம்பர் வாக்கில் கொடியைக் கவாத்து செய்து, குளிர்காலம் தொட்டு மார்ச் வரை அறுக்கிறார்கள். ஸ்பார்க்ளிங்குக்கான பழத்தைப் புளிப்பு குறையுமுன்னே முதலில் பறித்துவிடுவார்கள். மல்லாட்டை பிடுங்கப் பதம் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த அவசரம் புரியும். ஜனவரி 26 மதுவிலக்கு நாள். அன்று சுவைக்க எதுவும் கிடைக்காது.

*

சுவைப்பது குடிப்பதிலிருந்து வேறுபட்டது. வெறும் வயிற்றோடு போகக் கூடாது. முதலில் குமிழி ஏறுவதைப் பார்க்க வேண்டும், பிறகு முகர வேண்டும், பிறகுதான் ஒரு வாய். துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள்; துப்புவதில் அவமரியாதை இல்லை, தொழில்காரர்களே துப்புகிறார்கள். வண்டி ஓட்ட வேறு ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நிலவறை போதும். அதற்கு மேல் நாக்குக்கும் தெரியாது, மனசுக்கும் தங்காது.

*

வசதி உள்ளவர்கள் பிரான்சின் ரான்ஸ் நகரம் வரை போகலாம். அங்கே பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களே நிலவறைகள். கோடையிலும் உள்ளே வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். 2015-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சால்வை எடுத்துப் போக வேண்டும்.

*

எங்கே போனாலும் தேர்வு செய்யும் உரிமையை, இருவரில் குறைவாகக் குடிப்பவருக்கோ குடிக்கவே குடிக்காதவருக்கோ கொடுங்கள். அவருக்குப் பார்க்கவும் கேட்கவும் தொடவும் எந்த இடத்தில் நிறைய இருக்கிறதோ, இருவருக்கும் அதுவே நல்ல இடம். அவருக்கு மனமில்லை என்றால் அந்த நாளையும் கோதாவரிக் கரையிலேயே கழித்துவிடுங்கள்.