மலிவுப் பயணத்தின் விலை

குறைந்த பணத்தில் நிறைந்த உலகத்தைக் காண்பது நற்பண்பா என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால், விவாதத்துக்கே இடமில்லாதது. வீண்செலவு குற்றமென்றால் சிக்கனம் குணந்தானே! ஆடம்பர விடுதியில் அடைபட்டுக் கிடந்து திரும்பும் செல்வனைக் காட்டிலும், தோளிலே ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்து மக்களைக் காணும் இளைஞன் மேலானவன் என்றே நாமும் கருதுகிறோம். ஆனால், ஒரு பொருள் மிக மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதன் விலையில் ஒரு பங்கை வேறு யாரோ எங்கோ கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பது உழைப்பின் வரலாறு நமக்குக் கற்றுத்தந்த பாடம். பயணம் மட்டும் இதற்கு விலக்காகுமா?

இக்கேள்வியை நாம் மாம்புரியில் நின்று கேட்கிறோம். ஒருபுறம் இந்து சமுத்திரம், மறுபுறம் புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் உள்ளது இவ்வூர். கரையிலே மீன்வாடிகள், உள்ளே தென்னந்தோட்டங்கள், மணலுக்கு நீரிறைத்து வளர்க்கும் மிளகாயும் வெங்காயமும். 2010 முதல் இங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. அதே காற்றை நாடி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் சறுக்கி விளையாட, ஐரோப்பிய இளைஞர்கள் பெரும் பைகளோடு இவ்வீதி வழியே கற்பிட்டிக்குப் போகிறார்கள். இதே மாவட்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவர்களும் உண்டு. அவர்களும் ஒரு பையோடுதான் போனார்கள். இந்த இரண்டு பைகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

ரோமாபுரியை எடுத்துக்கொள்வோம். கையில் அதிகப் பணமில்லாத ஒருவர் அந்நகரை எப்படிக் காண்கிறார்? எட்டுப் பேர், பத்துப் பேர் ஒன்றாகப் படுக்கும் விடுதி அறையில் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுக்கிறார். தெருமுனைகளில் 1874ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்டுவரும் இரும்புக் குழாய்களில் இடையறாது ஓடும் குடிநீரைப் போத்தலில் பிடித்துக்கொள்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் அரசின் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமில்லை. 2014 முதல் நடைமுறையிலுள்ள இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறார். பாந்தியன் பேராலயத்துக்கு 2023இலிருந்து கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கிறது; ஆயினும் பெருங்கலைஞர்களின் ஓவியங்கள் தொங்கும் எத்தனையோ தேவாலயங்களின் கதவுகள் இன்றும் இலவசமாகவே திறந்திருக்கின்றன. மற்றதெல்லாம் கால்நடை. ஒரு ரொட்டித் துண்டும் கொஞ்சம் பாற்கட்டியும் அன்றைய மதிய உணவு.

இதை நாம் இகழவில்லை. இவ்வழக்கத்தின் வேரைத் தேடினால் அங்கே ஒரு ஜனநாயக வேட்கையைக் காண்கிறோம். ஊர் பார்ப்பது ஒரு காலத்தில் பிரபுக்களின் பிள்ளைகளுக்கே உரிய பொழுதுபோக்காக இருந்தது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், ஆலைநகர்களின் புகையில் வளரும் பிள்ளைகளும் காட்டையும் மலையையும் காணவேண்டும் என்று விரும்பினார்; 1912இல் ஆல்ட்டெனா நகரின் பழங்கோட்டையிலே முதல் நிரந்தர இளைஞர் விடுதி பிறந்தது. பிரான்சில் 1936ஆம் ஆண்டு, வேலைநிறுத்தங்களின் அலையில் ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி அரசு, ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையைத் தொழிலாளிக்குச் சட்டமாக்கிற்று. ரயில் கட்டணமும் குறைக்கப்பட்டது. அந்தக் கோடையில் எத்தனையோ ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. கடலைக் காண்பதும் ஓர் உரிமைதான் என்று நிலைநாட்டிய போராட்டம் அது. மலிவுப் பயணத்தின் மேன்மை அங்கேதான் இருக்கிறது.

ஆனால் சிக்கனமும் வறுமையும் ஒன்றல்ல. சிக்கனம் விரும்பி ஏற்பது. வறுமை விரும்பாமல் வந்து சேர்வது. சிக்கனப் பயணியின் பையில் திரும்பிச் செல்லும் பயணச்சீட்டு இருக்கிறது. வறியவனின் பையில் அது இல்லை. ரொட்டித் துண்டோடு படிக்கட்டில் உட்காருகிறவன் ஏழையின் கோலத்தைப் பூண்டிருக்கிறானேயன்றி, ஏழையின் நிலையை அடைந்துவிடவில்லை. இதை அவன் உணர்ந்திருந்தால் தீங்கில்லை. உணராமல், தானும் ஏழைதான் என்று நம்பிவிடும்போதே தவறு தொடங்குகிறது. அந்த நம்பிக்கைதான் கற்பிட்டியில் முச்சக்கர வண்டிக்காரரோடு நூறு ரூபாய்க்காக அரைமணி நேரம் வாதாடச் சொல்கிறது. பயணிக்கு அந்த நூறு ரூபாய் ஒரு விளையாட்டின் வெற்றி. வண்டிக்காரருக்கோ பிள்ளையின் பள்ளிக் கொப்பி.

சிக்கனம் இருவகைப்படும் எனலாம். தன் தேவையைக் குறைத்து மிச்சம் பிடிப்பது ஒன்று. பிறர் கூலியைக் குறைத்து மிச்சம் பிடிப்பது மற்றொன்று. நடந்து செல்வதும், பொதுக்குழாயில் நீர் பருகுவதும், எளிய உணவு உண்பதும் முதல்வகை. அவை யாரையும் சுரண்டுவதில்லை. சம்பளமே இன்றி, பயணிகள் விரும்பிக் கொடுக்கும் காசை மட்டும் நம்பி நாளெல்லாம் வழிகாட்டியவரிடம் நன்றி மட்டும் சொல்லி நழுவுவது இரண்டாம் வகை. மலிவாகக் கிடைக்கிறதென்று குடியிருப்பு வீடுகளிலே தங்குவதும் பல நகரங்களில் இவ்வகையிலேயே சேர்ந்துவிட்டது. வெனிசின் பழைய நகரப் பகுதியில் 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிற்று. தொழிலும் வாழ்க்கை முறையும் மாறியது ஒரு காரணம். வீடுகள் பயணிகளுக்கென்று மாறி வாடகை ஏறியது மற்றொரு காரணம். பார்சிலோனா நகராட்சி, பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் உரிமங்களை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024இல் அறிவித்தது. அந்நகரத்து மக்கள் வீதிக்கு வந்து குரலெழுப்பியது, பயணியை வெறுத்ததனால் மட்டுமல்ல. தம் பிள்ளைகளுக்குத் தம் ஊரிலேயே குடியிருக்க இடமில்லாது போனதனாலும்தான்.

இப்போது இரண்டாவது பையைத் திறந்து பார்ப்போம். இத்தாலியில் இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வாழ்கின்றனர். அவர்களுட் பலர் நம் புத்தளம் மாவட்டத்தின் தென்கரையிலுள்ள வென்னப்புவ, மாரவில போன்ற ஊர்களையும் அவற்றை அடுத்த நீர்கொழும்பையும் சேர்ந்தவர்கள். முறையான வழி கிடைத்தவர்கள் விமானத்தில் போனார்கள். கிடைக்காதவர்களிற் சிலர் கடன்பட்டு, மீன்பிடிப் படகுகளில் உயிரைப் பணயம் வைத்துப் போனார்கள். ரோமிலும் மிலானிலும் நேப்பிள்சிலும் முதியோரைப் பராமரிப்பவர்களாக, வீட்டு வேலை செய்பவர்களாக, விடுதிகளைத் துப்புரவு செய்பவர்களாக அவர்கள் உழைக்கிறார்கள். வென்னப்புவைக்குச் ‘சின்ன இத்தாலி’ என்றொரு பெயர் வழங்குகிறது. அந்த உழைப்பு ஊரிலே மாடிவீடாக எழும்பியிருக்கிறது. பல மாடிகளில் குடியிருக்கத்தான் ஆளில்லை.

ஐரோப்பாவின் வரலாற்று நகரமொன்றிலே மிகக் குறைந்த செலவில் நாட்களைக் கழிப்பது எப்படி என்று யாரிடமாவது கற்கவேண்டுமானால், இவர்களிடமே கற்கவேண்டும். ஓர் அறையை நால்வராகப் பகிர்வதும், எந்தச் சந்தையில் எந்நேரம் காய்கறி மலியும் என்பதும், எந்தக் குழாயின் நீர் குளிர்ந்திருக்கும் என்பதும் அவர்கள் அறிந்தவை. வீட்டு வேலை செய்வோருக்கு அந்நாட்டு வழக்கப்படி ஓய்வு வியாழன் பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைக்கிறது. அப்பொழுது அவர்களும் நகரச் சதுக்கங்களில் உட்காருகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான அதே கற்களைக் காண்கிறார்கள். ஆனால் அவர்களை யாரும் பயணிகள் என்று அழைப்பதில்லை. அதே ரொட்டித் துண்டு ஒருவரிடம் இருந்தால் வீரமாகவும், மற்றவரிடம் இருந்தால் வெறும் பஞ்சமாகவும் தோன்றுவது ஏன்? உண்ணும் உணவில் வேற்றுமை இல்லை. கையிலுள்ள கடவுச்சீட்டிலேதான் வேற்றுமை.

ஐரோப்பிய இளைஞர் இலங்கைக்கு வர வேண்டுமானால், வீட்டிலிருந்தபடியே இணையவழியில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். மாம்புரி மீனவரின் மகள் ரோமாபுரியை ஒரு வாரம் சுற்றிப் பார்க்க விரும்பினால் என்ன நடக்கும்? கொழும்புக்குப் போகவேண்டும், வங்கிக் கணக்கையும், தொழில் செய்வதற்கான சான்றையும், திரும்பி வருவாள் என்பதற்கான ஆதாரங்களையும் அடுக்கிக் காட்டவேண்டும், 2024 முதல் 90 யூரோ கட்டணம் செலுத்தவேண்டும். மறுத்துவிட்டால் அப்பணம் திரும்பி வராது. அவளிடம் சிக்கனம் நிறைய உண்டு; ஆனால் அந்தச் சிக்கனத்தை நற்பண்பாக ஏற்பதற்கு எந்த வாயிற்காவலரும் இல்லை. மனித உரிமைகள் பற்றிய 1948ஆம் ஆண்டின் உலகப் பிரகடனம், தன் நாட்டை விட்டு வெளியேறவும் திரும்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. வெளியேறியவர் எங்கே நுழைவது என்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. வாசல் இருக்கிறது, எதிர்வீட்டுக் கதவுதான் பூட்டியிருக்கிறது.

தான் பிறந்த பிரதேசத்தை விட்டு அதிக தூரம் சென்றிராத ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட், 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதியபோது இதை ஆராய்ந்தார். பூமி உருண்டை, மனிதர் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டிருக்க முடியாது, ஆகவே அந்நியர் பகைவராக நடத்தப்படாமல் வந்து காணும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்றார். அதே மூச்சில், ஐரோப்பிய வணிக நாடுகள் பிற நிலங்களுக்குச் ‘சென்று காண்பது’ என்றால் வென்று அடக்குவது என்றே பொருள்கொண்டன என்று இடித்துரைக்கவும் செய்தார். அவர் சொன்னதற்குக் கற்சாட்சி வேண்டுமானால் கற்பிட்டியில் இருக்கிறது. போர்த்துக்கேயரை விரட்டத் துணையாக வரும்படி கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் அழைத்த ஒல்லாந்தர், 1667இல் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். களப்பின் வாயை அடைத்து, அழைத்த மன்னனின் வாணிபத்தையே நெரிப்பதற்கு அது உதவிற்று. விருந்தினராக வந்தவர் வீட்டுக்காரரான கதை அது. இன்று அக்கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அதைக் காண வரும் ஐரோப்பிய இளைஞர் அந்தப் பாவத்துக்குப் பொறுப்பாளியல்லர். ஆயினும், தாம் எவ்வளவு எளிதாக வர முடிகிறதோ அவ்வளவு எளிதாக இம்மண்ணின் மக்கள் தம் ஊருக்கு வர முடியாதிருப்பதற்கும், அந்தப் பழைய வரலாற்றுக்கும் உறவுண்டு என்பதை அவர் அறிந்துகொள்வது கடமை.

ஏழை நாட்டுக்குப் பயணியின் பணம் வேண்டாமா என்று கேட்பவருக்கு, வேண்டும் என்றே சொல்வோம். ஊர்ச் சோற்றுக்கடையில் உண்டு, ஊரார் வீட்டிலே தங்குகிற பயணியின் காசு நேரே உழைப்பவர் கைக்கு வருகிறது. கற்பிட்டியின் 14 தீவுகளைப் பெரும் சுற்றுலாத் திட்டத்துக்கு ஒதுக்க அரசு முற்பட்டபோது, கரையையும் வாடியையும் இழக்க நேருமென்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அத்தகைய ஆடம்பரத்தைவிடத் தோற்பையுடன் வருபவரே நமக்கு உற்றவர். எனவேதான் அவரிடம் அறத்தை எதிர்பார்க்கிறோம்.

எதிர்பார்க்கும் தகுதி நமக்கும் வேண்டும். மாம்புரிக்கு அருகிலுள்ள தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்தின் தோற்றம் பற்றி வழங்கும் செவிவழிக் கதை, வேலை தேடிக் கொழும்புக்கு நடந்துபோன வறிய போர்த்துக்கேயர் ஒருவர் இங்கே மரத்தடியில் உறங்கியதிலிருந்தே தொடங்குகிறது. ஆண்டுதோறும் அத்திருவிழாவுக்குச் சிங்களரும் தமிழருமாகப் பெருந்திரளான மக்கள் பாயும் பானையுமாக வந்து கூடாரமடித்துத் தங்குகின்றனர். 1344இல் புத்தளம் கரையில் இறங்கிய இபின் பதூதாவுக்கு, பாவாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணையும் உணவு சுமக்கும் ஆட்களும் ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்தனுப்பினான். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் புத்தளத்துக்கே வந்தனர்; யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். கைப்பையோடு வந்தவர்களுக்குப் பள்ளிவாசலையும் பாடசாலையையும் வீட்டையும் இம்மாவட்டத்து மக்கள் திறந்துவிட்டார்கள். பின்னர் நிலத்துக்கும் வேலைக்கும் போட்டி வந்தபோது கசப்பும் எழுந்தது. வெளிநாட்டுப் பயணிக்குச் சிரித்த முகம், அகதிக்குச் சுளித்த முகம் என்று நாம் இருப்போமானால், ஐரோப்பாவின் பூட்டிய கதவைக் குறைசொல்லும் உரிமையை இழந்துவிடுவோம்.

ஆகவே, சிக்கனப் பயணத்தின் அறத்தைச் செலவுக் கணக்கினால் அளக்க முடியாது. பயணி தன் வயிற்றைச் சுருக்கட்டும். பிறர் கூலியைச் சுருக்க வேண்டாம். தனக்குத் திறந்த கதவு பிறருக்கும் திறக்க வேண்டுமென்று தன் ஊருக்குத் திரும்பிச் சென்று தன் அரசிடம் கேட்கட்டும். 1936இல் தொழிலாளி கடலைக் காணும் உரிமையைப் போராடிப் பெற்றான். எல்லா ஊரையும் தன் ஊராகக் கண்ட புலவனைப் பெற்ற மொழியிலே நாம் கேட்பதும் அந்த உரிமையின் தொடர்ச்சியையே: கடலருகே பிறந்து வளர்ந்த மாம்புரிப் பெண், வேலைக்காரியாக அன்றி, வெறும் பார்வையாளராக, கையில் ஒரு ரொட்டித் துண்டோடு ரோமாபுரியின் படிக்கட்டில் உட்காரும் உரிமை.