இல்லாத வீட்டின் அளவுப்படம்

கலை விளையாடலாமா என்பது பழைய வினா. பிறர் துயரை முதலாகக் கொண்டு விளையாடலாமா என்பதே இன்று ஈழத்துக் கலைஞரை எதிர்நோக்கும் வினா.

யாழ்ப்பாணத்து ஓவியரும் பல்கலைக்கழக ஆசிரியருமாகிய தா. சனாதனன் 2011ஆம் ஆண்டில் ஆக்கிய கலைநூலொன்று இதனை ஆராய்தற்கு ஏற்றது. ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயரைக் கொண்டது அந்நூல். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் அவர்பின் ஒல்லாந்தரும் வரி அறவிடும் பொருட்டு எழுதுவித்த காணிப் பதிவேடு. அப்பதிவேட்டின் கோலத்தை இந்நூல் வேண்டுமென்றே பூண்டுகொள்கிறது. போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரைந்தனர். அவை கட்டடக்கலை முறைப்படி மீள வரையப்பட்டன. ஓவியர் தம் சித்திரங்களையும் உடன் சேர்த்தார். எவரும் சென்று அளக்க இயலாத வீட்டுக்குத் திருத்தமான அளவுப்படம்! விளையாட்டு எனின் இதுவே விளையாட்டு.

நூல் புகழ் பெறுகிறது, படம் வரைந்தவருக்கு வீடு மீளவில்லையே என்பார் உளர். அக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் இங்கு நகைப்புக்கு உள்ளாவது எது என நோக்குதல் வேண்டும். பரப்பையும் உரிமையாளர் பெயரையும் எழுதிவிட்டால் ஒரு வீட்டை எழுதிவிட்டதாகக் கருதும் பதிவேட்டையே கலைஞர் நகையாடுகிறார், இழந்தவரையன்று. அவ்வளவில் அவர் செயல் அறத்தோடு பொருந்தியதே.

ஆனால் இத்தோம்பு வடக்கைக் கடந்து செல்லுமா? கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் உள்ள ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை எண்ணிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தான் வீட்டை இழந்தபோதும் காணி உறுதியையேனும் பெட்டியில் வைத்துக் காத்தான். லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனுக்கோ வீடு இருந்தது, உறுதி இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியோர் என வகுத்தது. அவ்வாறு சென்று நீலகிரியில் குடியேறிய முதியவள் ஒருத்தியிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, விட்டுவந்த வீட்டை வரையச் சொன்னால் என்ன வரைவாள்? பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பிரா, முன்னே இஸ்தோப்பு. அடுத்தவளும் அதையே வரைவாள். கட்டடக்கலைஞர் திருத்தியமைத்தால் நூறு படங்களும் ஒரே படமாகிவிடும். துரையின் அலுவலகத்தில் தொங்கும் ஒரு படமே அனைத்துக்கும் போதும்.

ஆகவே மலையகத்தில் திருத்தமான படம் தோட்டத்துக்குரியது. பிழையான படமே குடியிருந்தவருக்குரியது. அடுப்பை அளவுக்கு மீறிப் பெரிதாகவும், பக்கத்துக் காம்பிராவையும் தன்னுடையது போலச் சேர்த்தும் ஒருத்தி வரைவாளாயின், அப்பிழையைத் திருத்தும் உரிமை எவருக்கு உண்டு? சனாதனனின் முறையை இங்குக் கையாள விரும்பும் இளங்கலைஞர் கட்டடக்கலைஞரின் படத்தை விட்டுவிட நேரும். உரிமையாளர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்பதையும் அவர் அம்முதியவளிடமே கேட்க வேண்டியிருக்கும்.