சனிக்கிழமைப் புண்ணியம்

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அதே ஊரில்தான். அங்கிருந்து கொஞ்ச தூரம் பேருந்தில் போனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத்துப் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் எழுதுகிறார்கள். இந்த இரண்டு உலகங்களும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைவு. மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டு நடத்தப்படும் கோடிங் ஹேக்கத்தான், அதாவது குழுவாகக் கூடி நிரல் எழுதும் போட்டி, அவற்றில் ஒன்று. சனிக்கிழமை அதற்கு வழிகாட்டியாக வரும் பொறியாளரிடம் ஒரு கேள்வி: எதற்காக வருகிறீர்கள்?

"சேவைக்காக" என்ற பதிலை நான் ஏற்கவில்லை. பார்வையில்லாமல் பிறந்தவர் முற்பிறவிப் பாவத்தை அனுபவிக்கிறார், அவருக்கு உதவுகிறவருக்குப் புண்ணியம் சேரும் என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். படித்தவர்கள் இதன் முதல் பாதியைக் கைவிட்டோம். இரண்டாம் பாதியைச் சான்றிதழும் குழுப்படமுமாக இன்னும் வைத்திருக்கிறோம். குறை அவரிடம், கொடை நம்மிடம் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது.

அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்ப்போம். ஒரு செயலியில் பணம் கட்டும் பட்டனைப் படமாக மட்டும் போட்டு, அதற்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். பார்வையற்ற மாணவர் விரலை வைத்தால், திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் திரை வாசிப்பான் "பட்டன்" என்று மட்டும் சொல்கிறது. எதற்கான பட்டன் என்று தெரியாமல் அவர் நிற்கிறார். பொறியாளர் நிரலில் ஒரு வரி சேர்த்து அதற்குப் பெயர் வைக்கிறார். அதே மாணவர் பணம் கட்டிவிடுகிறார். இடையில் அவர் கண்ணில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அப்படியானால் குறை எங்கே இருந்தது?

இந்தக் கேள்வி பட்டனோடு நிற்பதில்லை. அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. மின்னணு முறையில் அடையாளம் சரிபார்க்கும்போது, ஆள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் இமை கருகியவர் எப்படிச் சிமிட்டுவார்? உயிருள்ள மனிதர் எதிரே நிற்க, உயிர் இருப்பதற்குச் சான்றில்லை என்றது இயந்திரம். மின்னணுச் சேவைகளை அடையும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அந்த நிரலை எழுதியவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. அன்றைய வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வீட்டுக்குப் போன ஒரு நல்ல மனிதராகவே இருக்கலாம். எனக்கு அச்சம் தருவது அதுதான்.

அம்பத்தூர்ப் பட்டறையில் ஒரு தொழிலாளியின் விரல் போனால் விதி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. இயந்திரத்துக்குத் தடுப்பு போட்டிருந்ததா என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கேட்டது. அந்தக் கேள்வியை மென்பொருளிடமும் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

உதவி பெறுகிறவர், தருகிறவர் என்ற பிரிவினையும் உண்மைக்கு ஒத்துவருவதில்லை. உலகெங்கும் பார்வையற்றோர் இலவசமாகப் பயன்படுத்தும் என்விடிஏ திரை வாசிப்பானை 2006இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். டெல்லியைச் சேர்ந்த, பார்வையற்றவரான கார்த்திக் சாஹ்னி பள்ளியில் அறிவியல் படிக்கவே போராட வேண்டியிருந்தது. ஐஐடி நுழைவுத் தேர்வின் கதவும் அவருக்குத் திறக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் ஐ-ஸ்டெம் அமைப்பைத் தொடங்கி, மாற்றுத்திறனாளிகளுக்காக ஹேக்கத்தான்களையும் நடத்தினார்.

வழிகாட்டியாகப் போகிறவர் முதலில் தன் பேச்சை மாற்ற வேண்டும். "இதோ, இங்கே பாருங்க" என்று திரையைத் தொட்டுக் காட்டுவதால் பயனில்லை. "பதினேழாவது வரி, இரண்டு படி உள்ளே" என்றால் பயன் உண்டு. பைத்தான் நிரல்மொழியில் வரி எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கிறது என்பதில்தான் பொருளே இருக்கிறது. அந்தத் தள்ளலை என்விடிஏ ஒலியின் ஏற்ற இறக்கமாகவே சொல்லும். அந்த வசதி இருப்பதை அறியாத வழிகாட்டி மாணவரின் நேரத்தைத் தின்கிறார். அவசரத்தில் விசைப்பலகையைப் பிடுங்கித் தானே தட்டிக்கொடுப்பவர் நேரத்தோடு அவருடைய தன்மானத்தையும் எடுத்துக்கொள்கிறார்.

ஹேக்கத்தான் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. வழிகாட்டியாக வர விரும்புகிறவர், தன் நிறுவனத்தின் செயலியை உங்கள் முன்னால் திறக்கட்டும். திரையை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல், திரை வாசிப்பானை மட்டும் நம்பி ஒரு கணக்கு தொடங்கிக் காட்டட்டும். முடியவில்லை என்றால் அவரை மாணவர் வரிசையில் உட்கார வையுங்கள். பூந்தமல்லிப் பள்ளியில் படித்து வந்த ஒருவர் வழிகாட்டியாக அவர் பக்கத்தில் அமரட்டும். அந்தச் செயலி எங்கெங்கே கதவைச் சாத்துகிறது என்று அவர் சொல்லச் சொல்லப் பொறியாளர் குறித்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் பட்டியலில் எத்தனை சரியாயிற்று என்று அந்த வழிகாட்டியே தொலைபேசியில் கேட்கட்டும்.