அகழ் வெட்டச் சொன்னவர்



ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, கி.பி. 627. மதீனாவை நோக்கிச் சுமார் 10,000 பேர் கொண்ட படை வருகிறது. நகரைக் காக்க நின்றவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டி மஷ்வரா செய்தார்கள். வஹீ இறங்கும் நபிக்கு மற்றவர் யோசனை எதற்கு என்று நாமானால் நினைப்போம். அவர்கள் கேட்டார்கள்.

அகழ் வெட்டலாம் என்று சொன்னவர் ஸல்மான் பார்ஸீ (ரலி). பாரசீகத்திலிருந்து வந்தவர். அடிமைத்தளையில் கிடந்ததால் பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ள இயலாதவர். அரபு நாட்டுக்குப் பழக்கமில்லாத அந்த உபாயத்தை, நேற்று வந்தவர் பேச்சு என்று ஒருவரும் தள்ளவில்லை. நாயகமும் மண் சுமந்தார்கள்.

நம் சங்கக் கூட்டங்களில் பேசுவது யார்? முன் வரிசை முதலாளிமார்தாம். பின் பெஞ்சில் இருக்கும் கடைச் சிப்பந்தி வாய் திறப்பதில்லை. ஆனால், எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை விட்டு நின்றது, எந்த விதவை கேட்க வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ரமலானில் நாம் காண்பது கடை வாசலில் நிற்பவரை மட்டுமே. ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுக்கிறோம். அவர் பத்துக் கடை ஏறி இறங்குகிறார். அந்தக் கதவை ஒருவரும் தட்டுவதில்லை. பணம் செலவாகத்தான் செய்கிறது!

யமன் நாட்டு அஷ்அரீ கூட்டத்தார் உணவு குறைந்தபோது, ஒவ்வொருவரிடமும் இருந்ததை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்று நாயகம் (ஸல்) பாராட்டியதாக ஹதீஸில் காண்கிறோம். அள்ளிக் கொடுத்ததற்காக அல்ல, இருந்த கொஞ்சத்தை ஒன்றாக்கியதற்காக!

அந்தத் துணியைச் சிங்கப்பூரிலும் விரித்திருக்கிறார்கள். கடையநல்லூர் நெசவாளர் ஊர். அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள், சிறு வியாபாரிகள். அவர்களுடைய முஸ்லிம் லீக் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் அங்கே உயர்நிலை வகுப்புகளும் நடந்தன. 1982 வரை அது பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது. தனியொருவர் பையில் அடங்கும் காரியமா அது?

அடுத்த கூட்டத்தில் தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வி நிதியைப் பற்றிய பேச்சைப் பின் பெஞ்சிலிருந்து தொடங்குங்கள். முதலாளிமாரே, உங்கள் சிப்பந்தியையும் அன்று அழைத்து வாருங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையடைத்தால் போதும்.