ஆனந்தரின் பழந்துணியும் நம் வீட்டுக் குப்பையும்



கோசாம்பி நகரத்து உதயண மன்னனின் தேவியர், ஆனந்த தேரரின் அறவுரை கேட்டு மகிழ்ந்து, அவருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்தனர் என்று விநய பிடகம் கூறுகின்றது. துறவிக்கு இத்தனை துணி எதற்கு என்று அரசனுக்குச் சினம் மூண்டது. நேரிற் சென்று வினவினான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடை என்னாகும்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தையுறை. அதுவும் பழசானால் தரைவிரிப்பு. பிறகு கால்துடைக்கும் துணி. பிறகு தூசு தட்டும் துணி. அதுவும் இற்றுப் போனால் இடித்து, மண்ணோடு பிசைந்து, தரையை மெழுகுவோம் என்றார். அரசன் உளம் குளிர்ந்து மேலும் ஐந்நூறு ஆடை ஈந்தான்.

இக்கதையைச் சொல்லிச் சிக்கனத்தைப் புகழ்வது வழக்கம். நானும் பலமுறை செய்திருக்கிறேன். ஆயினும் அத்துணி படிப்படியாக இறங்கிப் பயன்பட்டதற்குக் காரணம், எந்தப் படியிலும் அதில் எச்சிற் சோறு கலவாதிருந்ததே. இதை எனக்குக் கற்பித்தது ஏடன்று, ஆலை.

பரேலில் நூற்பு இலாகாவில் பதினைந்து ஆண்டு உழைத்தேன். அறுந்த இழையிலிருந்து உறிஞ்சப்படும் வெண்பஞ்சு மறுபடியும் கலவை அறைக்குப் போகும். தரையில் விழுந்து எண்ணெய் குடித்த பஞ்சுக்கு வேறு சாக்கு. ஒரு பிடி எண்ணெய்ப் பஞ்சு வெண்பஞ்சுச் சாக்கில் விழுந்தால் சாக்கு முழுவதும் விலை இழக்கும். மேஸ்திரியின் வசைக்கு அளவிராது.

அவ்வொழுங்கை ஆலையில் காத்த நானே, வீட்டில் சவரப் பிளேடையும் சாம்பார்ச் சோற்றையும் ஒரே பையிற் கட்டி எறிந்து வந்தேன். தாராவியில் எங்கள் சந்தில் பழம்பொருள் பொறுக்கும் அம்மையார் ஒருவர், ஒருநாள் வலக்கையில் கந்தை சுற்றிக்கொண்டு வந்தார். எந்தப் பையில் கை வெட்டுண்டது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை. அது என் வீட்டுப் பை என்று எனக்குத் தெரியும்.

தாராவிப் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை வகை வகையாகப் பிரித்து, நொறுக்கி, கழுவி, கூரைமேல் உலர்த்தி, உருக்கி மணிகளாக்கும் தொழிலை நீங்கள் கண்டிருப்பீர்கள். சட்னி ஒட்டிய பை அங்கே போய்ச் சேருவதில்லை. அது சேர்ந்த இடம் செம்பூருக்கு அப்பாலுள்ள தேவனார் மேடு. 1927 முதல் கொட்டிக் குவித்த மேடு அது. அழுகும் சோறு மூடுண்டு கிடந்தால் எரிவாயு பிறக்கும். அருகிலேயே காகிதமும் பிளாஸ்டிக்கும் விறகாக இருக்கும். 2016 ஜனவரியில் அங்கே மூண்ட தீயின் புகை விண்கோள் எடுத்த படத்திலும் தெரிந்தது. செம்பூர் அன்பர்கள் அதை மூச்சிலேயே அறிந்தார்கள்.

அவ்வாண்டிலேயே மத்திய அரசின் விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 2017 அக்டோபரில் மும்பை மாநகராட்சி, நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் குடியிருப்புகளும் உணவகங்களும் ஈரக்குப்பையைத் தம்மிடத்திலேயே உரமாக்க வேண்டும் என்று பணித்தது. அதற்கு முன்பே, 1998-இல், ஸ்த்ரீ முக்தி சங்கடனா என்னும் மாதர் சங்கம் குப்பை பொறுக்கும் பெண்களைத் திரட்டி, உரமாக்கும் தொழிலிலும் எரிவாயுக் கலத்தை நடத்துவதிலும் பயிற்றுவித்தது. குப்பை மேட்டிலிருந்து துணி பொறுக்கி ஆடை தைத்தவர்கள் ஆதிப் பிக்குகள். மலர்க்குப்பை வாரியவர் சுனீத தேரர். அப்பெண்களின் தொழிலைத் தாழ்ந்ததென்று கூற நமக்கு வாய் ஏது?

மாட்டுங்காவில் உணவுக்கடை நடத்தும் அன்பர் ஒருவர், "நான் பிரித்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று கேட்டார். அவ்வாறு கொட்டுவது உண்டு. அதற்கு மாநகராட்சியைக் கேட்கத்தான் வேண்டும், கூட்டமாகச் சென்று கேட்போம். ஆனால் வண்டி வருமுன்பே உங்கள் பைக்குள் ஒரு கை வருகிறதே! எண்ணெய் டின்னுக்கு விலையுண்டென்று அதைத் துடைத்துத் தனியே வைக்கிறீர்கள். அக்கைக்காக உடைந்த கண்ணாடியையும் அப்படியே தனியே வையுங்கள்.

வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் அன்னதானம் உண்டு. வாயிலில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைக்கப்படும். இலையும் சோறும் பச்சையில், காகிதமும் புட்டியும் நீலத்தில். கண்ணாடி ஏதேனும் உடைந்தால் என் கையிற் கொடுங்கள். காகிதத்தில் சுற்றி, மேலே எழுதி வைப்பேன்.